விருந்தாளிக்கு முதல் பந்தி

லண்டனிலிருந்து அழைப்பு வர இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கௌசியின் வீட்டில் வைஃபை செத்துப்போனது.

லேப்டொப்பை மூடித் திறந்தாள். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தாள். பின்னறையிலிருந்து முன்னறை ஜன்னலுக்கு ஓடினாள். ஜன்னல் கட்டையில் ரவுட்டர் இல்லை. அது உட்கார்ந்திருந்த இடத்தில், அடுப்புப் புகை படியாத ஒரு வெள்ளை வட்டம் மட்டும் இருந்தது.

"அம்மா! இங்க இருந்த டப்பா எங்க?"

அழகம்மா ரொட்டி மாவு ஒட்டிய கையோடு எட்டிப் பார்த்தாள். "நாகலெட்சுமி எரவல் கேட்டா. குடுத்தேன். ஏன், மூணு இருக்குல்ல?"

மூன்று இருந்தன. வினையே அதில்தான்.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கௌசி இருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. இரவல் கேட்டால் இல்லையென்று சொல்லக் கூடாது. கொடுத்த பொருள் நேராக வீடு திரும்பும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. தேங்காய்த் துருவியோ ஏணியோ ஒரு காம்பரா வீட்டிலிருந்து புறப்பட்டால், கையிலிருந்து கைக்கு மாறி லயத்தைச் சுற்றிவிட்டுத்தான் வரும். அழகம்மாவின் இஸ்திரிப் பெட்டி தைப்பொங்கலுக்குப் போனது. இன்னும் யாத்திரையில்தான் இருக்கிறது.

கௌசியின் பழைய ரவுட்டர் கதையும் அதுதான். பாஸ்வேர்டைக் கறிவேப்பிலை கேட்பதுபோலக் கேட்டார்கள், அவளும் கொடுத்தாள். மாலையானால் நாகலெட்சுமிக்கு நாடகம், இராமையாவுக்குக் கிரிக்கெட், கடைசிக் காம்பரா வீரய்யாவுக்குப் பழைய படம். கௌசி கணக்கு டீச்சர். ஆன்லைனில் அவள் வகுப்பைத் தொடங்கினால், பிள்ளைகளின் திரையில் வாயைத் திறந்தபடி சிலையாக நிற்பாள். இரண்டு பிள்ளைகள் வகுப்பிலிருந்தே நின்றுவிட்டார்கள்.

கடைசியாக வந்ததுதான் இந்த முன்னோட்ட வகுப்பு, லண்டனிலிருந்து ஒரு தாய் தன் மகளுக்காகக் கேட்டது. பிடித்தால் அந்தத் தாயின் தோழிமார் பிள்ளைகளும் சேருவார்கள். பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை காலை கொழும்பு பஸ். அங்கே ஓர் உடுப்புக் கடையில் மாமா வேலை சொல்லி வைத்துவிட்டார். நாள் முழுக்க நின்றபடி சாரி மடிக்கிற வேலை.

ஹட்டனில் போன் கடையில் நிற்கும் அண்ணன் துஷாந்திடம் அவள் போன வாரமே போய் அழுதிருந்தாள்.

"கொம்பு வச்ச பெரிய ரவுட்டரா ஒண்ணு தா."

"கொம்பு பத்து இருந்தாலும் நம்ம கல்லுச் சுவரு தின்னுடும் தங்கச்சி. ஒனக்கு டவர் புடிக்கிறது முன் ஜன்னல்ல. நீ படிச்சுக் குடுக்கிறது பின்னறையில. நடுவுல ரெண்டு சுவரு. மெஷ் எடு. மூணு டப்பா. சிம் போட்ட தாய் டப்பா ஜன்னல்ல இருக்கட்டும். மத்த ரெண்டும் அத வாங்கி உள்ளுக்குக் கடத்தும்."

"சரி. லயத்து ஆளுங்க?"

துஷாந்த் கடை முதலாளி பார்க்கிறாரா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கெஸ்ட் நெட்வேர்க்னு ஒண்ணு இருக்கு. விருந்தாளிக்குத் தனி வழி. பாஸ்வேர்டு கேட்டா சிரிச்சுக்கிட்டே குடு. ஆனா வேகத்துக்கு ஒரு கடிவாளம் போட்டுரலாம். இல்லேன்னும் சொல்லல, குடுத்த மாதிரியும் இல்ல."

கௌசி அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தனக்குத் தானே சிரித்துக்கொண்டே வீடு வந்தாள்.

மூன்று டப்பாவையும் வைத்து, லயத்துக்கு விருந்தாளிப் பாஸ்வேர்டைச் சிரித்தபடியே கொடுத்தாள். தாய் டப்பாவுக்கு அடையாளமாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. விளக்கேற்ற வந்த அழகம்மா, மூன்றில் ஒன்றுக்கு மட்டும் பொட்டு இருப்பதைப் பார்த்தாள். ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்றுக்குப் பொட்டு வைத்து இரண்டை மூளியாக விடலாமா? மற்ற இரண்டுக்கும் ஒட்டிவிட்டாள். இன்று நாகலெட்சுமி வந்து இரவல் கேட்டபோது, பொட்டு வைத்த மூன்றில் கைக்கு எட்டியதை வயரோடு பிடுங்கிக் கொடுத்தாள்.

எட்டியது தாய்.

கௌசி லேப்டொப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் பாய்ந்தாள். பக்கத்துக் காம்பராவில் நாகலெட்சுமியின் மகள் வினோதா தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"வினோதா, ஒங்க அம்மா எங்க? டப்பா எங்க?"

"இங்க வச்சும் நாடகம் ஓடாம வட்டம்தான் சுத்துச்சுக்கா. அம்மா சீன்னு சொல்லி இராமையா மாமாகிட்ட குடுத்துட்டாங்க."

இராமையா வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் கோழி மட்டும் நின்றது. உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "வெக்கெட் விழுந்தது எனக்கு மட்டும் பத்து நிமிசம் கழிச்சுத் தெரியுது பிள்ள! இந்த டப்பா எனக்கெதுக்கு? வீரய்யா அண்ணன் கேட்டாரு, தூக்கிக்கிட்டுப் போனாரு!"

கடைசிக் காம்பரா. மழை இறங்கத் தொடங்கியது. கௌசி லேப்டொப்பைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு ஓடினாள். கதவைத் தள்ளினாள்.

உள்ளே அரை லயம் கூடியிருந்தது. மலையைப் பார்த்த ஜன்னலில், எதிர் மேட்டு டவர் நேரே தெரியும் இடத்தில், தாய் டப்பா பொட்டும் பச்சை வெளிச்சமுமாகக் கொலுவிருந்தது. அதைச் சுற்றி நாலைந்து போன்கள். ஒவ்வொன்றிலும் வட்டம் சுற்றியது. வீரய்யா தன் போனை டப்பாவோடு ஒட்டி, குளிர் காய்வதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா! அத எடுக்கணும், எனக்கு வகுப்பு…"

சொல்லி முடிக்கவில்லை. அவள் கையிலிருந்த போன் தன் வீட்டு வழியைக் கண்டுபிடித்துவிட்டது. காலையில் பாதியில் நின்றுபோன ஒரு சமையல் வீடியோ, கண்ணாடி மாதிரித் தெளிவாக, சத்தமாக ஓட ஆரம்பித்தது. "இப்போது கடுகு தாளிக்கலாம்!"

எல்லாத் தலையும் அவள் போன் பக்கம் திரும்பியது.

நாகலெட்சுமி எழுந்தாள். பகலெல்லாம் கொழுந்து பறித்த கை இடுப்பில் ஏறியது. தன் போனை ஒரு கையிலும் கௌசியின் போனை ஒரு கையிலும் எடுத்து, சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஒரே டப்பா. ஒரே ஜன்னல். ஒன்னுது கடுகு தாளிக்குது. என் நாடகத்துல மாமியா தூக்குன கைய இன்னும் எறக்கல. என்னாடி இது?"

பொய் சொல்ல நேரமில்லை. அழைப்புக்குப் பத்து நிமிடம்கூட இல்லை. டப்பாவைக் கழற்றிக்கொண்டு போனாலும், அது உயிர் பிடித்து மற்ற இரண்டையும் எழுப்புவதற்குள் லண்டன் காத்திருக்காது.

"அத்தே… ஒங்களுக்கெல்லாம் நான் குடுத்தது விருந்தாளி வழி. வேகத்தக் கொறைச்சு வச்சிருக்கேன்."

"விருந்தாளிக்கா கொறைச்ச?" நாகலெட்சுமியின் குரல் கூரைத் தகரத்தில் போய் மோதியது. "விருந்தாளிக்குத்தானடி மொதப் பந்தி! நம்ம லயத்துல எவளாவது விருந்தாளிக்கு இலையப் போட்டு ரசத்த மட்டும் ஊத்தியிருக்காளா?"

"தப்புதான் அத்தே. இன்னைக்கு இந்த வகுப்பு மட்டும் நல்லா நடக்கலேன்னா, திங்கக்கெழம நான் கொழும்பு. சாரி மடிக்கப் போயிருவேன்."

நாகலெட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ போனா ஒன் டப்பாவும் போயிரும்ல?"

"போயிரும்."

அவ்வளவுதான். வீரய்யாவின் கொழுந்துக் கூடை மூலையில் கிடந்தது. நாகலெட்சுமி அதைத் தூக்கி நடுவில் வைத்தாள். "போடுங்க எல்லாம்! வகுப்பு முடியிற வரைக்கும் எவன் போனும் உசுரோட இருக்கக் கூடாது. இராமையா அண்ணனையும் கூட்டியா. சட்டைப் பைய நான் தடவிப் பாப்பேன்!"

காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா கத்தினால்கூட இவ்வளவு சீக்கிரம் வேலை நடக்காது. ஒவ்வொன்றாய் போன்கள் அணைந்து கூடைக்குள் விழுந்தன. வினோதா ஓடிப்போய்க் கொண்டுவந்த நல்ல சேலை திரையாகத் தொங்கியது. அதற்குப் பின்னால் லயம் மூச்சடக்கி உட்கார்ந்தது. கௌசி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அழைப்பு வந்தது. படம் பளிச்சென்று விழுந்தது.

"வணக்கம் டீச்சர்," என்றாள் லண்டன் தாய், யாழ்ப்பாணத் தமிழில். "இவள்தான் தனுஷிகா. ஒரு கதை சொல்லுறன், கோவிக்காதேங்கோ. பிள்ளை வகுப்பிலை வாயே திறக்கிறேல்லை. இரண்டு டீச்சர்மார் ஏலாதெண்டு விட்டிட்டினம்."

ஒன்பது வயதுத் தனுஷிகா உதட்டைப் பூட்டி வைத்திருந்தாள். கௌசி சிரித்தாள், படம் வரைந்தாள், கேட்டாள். பிள்ளை தன் நகத்தையே பார்த்தாள். தாய் கடிகாரத்தைப் பார்த்தாள். கொழும்பு பஸ்ஸின் ஹோர்ன் கௌசியின் காதுக்குள் கேட்கத் தொடங்கியது.

"சரி, இதைச் சொல்லுங்க. மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா?"

தனுஷிகா பென்சிலை மேசையில் உருட்டினாள்.

"நாலுதான்!" என்றது சேலை. "நாலு பெருசுல்ல!"

கௌசி சட்டென்று கேமராவுக்கு முன்னால் நகர்ந்தாள். திரைக்குப் பின்னால் யாரோ வீரய்யாவின் வாயைப் பொத்தும் சத்தம். அது தவறி, சேலை கழன்று, மழைத் தொப்பியோடு வீரய்யாவின் முகம் லண்டனுக்குள் நுழைந்தது.

தனுஷிகாவின் கண் விரிந்தது. உதடு திறந்தது.

"தாத்தா, பிழை! நாலு பேர் எண்டால் துண்டு சின்னன்! பீட்சாவை நாலு பேருக்கு வெட்டினால் எனக்குக் கொஞ்சம்தானே வரும்!"

"அதெப்படி பிள்ள? மூணவிட நாலு பெருசுதானே?"

"இல்லை! இங்கை பாருங்கோ, கீறிக் காட்டுறன்!"

அப்புறம் கௌசிக்கு வேலையே இருக்கவில்லை. தனுஷிகா பென்சிலால் கீறிக் கீறிப் பீட்சாப் படம் காட்டினாள். வீரய்யா ஒத்துக்கொள்ளவேயில்லை. அழைப்பு முடியும்போது தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "செவ்வாய்க்கிழமையிலையிருந்து தொடங்குவம் டீச்சர். சிநேகிதிமாருக்கும் சொல்லுறன். அந்தத் தாத்தாவும் கட்டாயம் இருக்கவேணும்."

திரை இருண்டதும் லயம் ஆர்ப்பரித்தது. வீரய்யா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "நாலு சின்னதாம்ல. நல்லாப் படிச்சுக் குடுக்குறாங்க லண்டன்ல."

நாகலெட்சுமி கூடையிலிருந்து தன் போனை எடுத்தாள். நிதானமாக உயிர்ப்பித்தாள். வட்டம் சுற்றியது. அதைக் கௌசியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இந்த விருந்தாளிக் கடிவாளத்த இப்பவே கழட்டு. வகுப்பு நேரத்துக்குக் கூடைய நானே எடுத்து வச்சுக் காவலிருக்கேன்."

"அத்தே, கொஞ்சம் யோசிச்சு…"

"யோசி. நல்லா யோசி." நாகலெட்சுமி வீரய்யாவின் தோளில் அன்பாகக் கை போட்டாள். "அதுக்குள்ள நான் ஒரு ரொட்டிய எடுத்து, மூணாவும் நாலாவும் பிச்சு வச்சு, இந்த மனுசனுக்குச் சரியான விடையப் புரிய வச்சுருவேன். அப்புறம் லண்டன் பிள்ள யாரத் திருத்த வாயத் தொறக்கும்?"

கௌசி போனைத் திறந்தாள். கடிவாளம் கழன்றது.

நாகலெட்சுமியின் போனில், தூக்கிய கையை மாமியார் ஓங்கி இறக்கினாள்.