மேனேஜருக்கு மாடியில் ஒரு தட்டு

கண்ணாடிக்காரர் வீட்டுப் பூனைக்குச் சர்க்கரை வியாதி என்ற செய்தி வெளியே வந்தபோது தெருவில் பாதிப் பேர் நம்பவில்லை. மனிதர்களுக்கு வருவதெல்லாம் பூனைக்கும் வருமென்றால் அடுத்து அதற்கு மூட்டுவலியும் சம்பந்தித் தொல்லையும் வருமா என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரிக்காத ஒரே ஆள் மாடியக்கா. அவளுக்கும் சர்க்கரை இருந்தது.

மாடியக்கா கண்ணாடிக்காரரின் கூடப்பிறந்த மூத்தவள். கீழ்வீட்டில் அவர், மாடியில் அவள், நடுவில் ஒரு படிக்கட்டு. அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, மகளையும் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு தம்பி வீட்டு மாடிக்கே வந்துவிட்டாள். நல்ல மனசுக்காரி. ஆனால் அவள் சொல்வதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். பரீட்சையில் தோற்ற பிள்ளையிடம் பேப்பர் திருத்தினவனுக்குத்தான் மூளையில்லை என்பாள். துணி சரியாகத் தைக்காவிட்டாலும் உனக்கு இதுதான் எடுப்பாக இருக்கிறது என்பாள். அடுத்தவர் முகம் வாடினால் அவளுக்குத் தாங்காது, வாயில் வந்ததைச் சொல்லித் தேற்றிவிடுவாள். தம்பி பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில்கூட, இன்றைக்கு முகத்தில் தெளிவு வந்திருக்கிறது, எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள் என்று தினமும் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்டாட்டி கஞ்சி கேட்கவேயில்லை என்பது அவள் போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

பூனைக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது தெருதான். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களை ஏற இறங்கப் பார்க்கும். ஒரு வேலையும் செய்யாது, எல்லாரையும் முறைக்கும். வேறு என்ன பெயர் வைப்பது? அப்படிப்பட்ட மேனேஜர் திடீரென்று தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் குடிக்க ஆரம்பித்தது. தின்னத் தின்ன இளைத்தது. பின்னங்கால்களைத் தூக்கி வைக்கத் தெம்பில்லாமல் குதிகாலைத் தரையில் பதித்து, செருப்பை இழுத்துக்கொண்டு போகிற ஆள் மாதிரி நடந்தது. மிருக டாக்டரம்மா காதோரம் ஒரு பொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார்: காலையும் மாலையும் இன்சுலின் ஊசி, அதோடு அளந்து வைத்த சாப்பாடு, நடுவில் எதுவும் கூடாது.

கண்ணாடிக்காரர் அதைத் தன் தொழிலில் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டார். மருந்துப் புட்டியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, குலுக்காமல், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மெல்ல உருட்டுவார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே சிரிஞ்சைப் பிடித்து, மயிரிழைக் கோடு வரைக்கும் மருந்தை இழுப்பார். மேனேஜர் தட்டில் தலையைக் கவிழ்த்திருக்கும்போதே பிடரித் தோலைச் சிட்டிகையாகத் தூக்கி ஊசியைப் போட்டுவிடுவார். அது தலையைக்கூட நிமிர்த்தாது. ஊருக்கே கண் பார்த்த கண், கோடு தப்புமா என்று அவருக்கு உள்ளூரப் பெருமைதான். முதல் வாரம் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் காட்டவும் செய்தார்.

மாடியக்காவுக்கு அந்தக் காட்சி பிடிக்கவில்லை. வாயில்லாத ஜீவனை இப்படிக் குத்தலாமா என்று அங்கலாய்த்தாள். தன் சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, அது தொண்டையில் இறங்குவதற்குள் ஒரு பிஸ்கட்டும் கடித்துக்கொள்கிறவள் அவள். பூனைக்கு மட்டும் பத்தியம் என்றால் அவளுக்கு எப்படியோ இருந்தது.

"நடுவுல ஒண்ணும் குடுத்துடாதக்கா, டாக்டரம்மா கண்டிச்சு சொல்லியிருக்காங்க" என்றார் தம்பி.

"என் சர்க்கரையைப் பாக்கவே எனக்கு நேரமில்ல. உன் பூனைக்கு நான் எதுக்குடா குடுக்கப்போறேன்?"

அப்படிச் சொன்ன வாய் ஈரம் காய்வதற்குள், அவர் நோயாளிப் பூனையை வீட்டில் விட்டுக் கடைக்குப் போனதும் மத்தியானம் மாடி வாசலில் தட்டு வைத்துவிட்டாள். எவர்சில்வர் தட்டின் விளிம்பில் கரண்டியால் டங், டங் என்று தட்டினால் போதும், மேனேஜர் பின்னங்காலை இழுத்து இழுத்துப் படியேறி வந்துவிடும். பாலில் ஊறப்போட்ட பிஸ்கட், சப்பென்று இருந்தால் அது தின்னாதே என்று மேலே கொஞ்சம் சர்க்கரை. சர்க்கரைக்காரியின் வாய் சர்க்கரைக்காரிக்குத்தானே தெரியும்? டப்பாவிலிருந்து எடுக்கிற பிஸ்கட்டில் பாதி மேனேஜருக்கு, பாதி அவளுக்கு. மகளிடம் அது காட்டிக்கொடுக்காது, தம்பியிடம் இவள் காட்டிக்கொடுக்கமாட்டாள். அந்த வயதில் அவளுக்குக் கிடைத்த நம்பகமான கூட்டாளி அது ஒன்றுதான் என்று சொல்ல வேண்டும்.

மேனேஜரின் சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. சாயங்காலம் காதைக் குத்திப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாடிக்கு வருவார். இப்படி வேளை தவறாமல் போட்டும் ஏன்தான் இறங்கமாட்டேன் என்கிறதோ என்பார். டாக்டரம்மா மருந்தைக் கொஞ்சம் கூட்டினார். அப்போதும் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினார். மாடியக்காவுக்கு லேசாக உறுத்தத்தான் செய்தது. ஒருநாள் பிஸ்கட்டைக் குறைத்து வைத்தாள். மேனேஜர் வெறும் தட்டை நக்கிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தது. மறுநாள் பழைய அளவுக்கே வந்துவிட்டாள். ஒரு துண்டு பிஸ்கட்டா சர்க்கரையை ஏற்றிவிடப் போகிறது, எல்லாம் அந்த மருந்தின் கோளாறு என்று தன்னையும் தேற்றிக்கொண்டாள். அடுத்தவரைத் தேற்றுகிற கைராசி தனக்கு மட்டும் பலிக்காமல் போகுமா?

அந்தச் சமயத்தில்தான் மகள் வீடு மாற்றினாள். சாமான் கட்டுவதற்கு அம்மா வேண்டும் என்று ஃபோன் வந்தது. மாடியக்கா தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். ரெண்டு நாள் பொறுத்துக்கோ, வந்ததும் சேர்த்துப் போடுகிறேன் என்று மேனேஜரின் தாடையைச் சொறிந்துகொடுத்தாள். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினாள்.

மகள் வீட்டில் பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தபோது தம்பியின் ஃபோன் வந்தது. கடை விடுமுறை நாள் அது. அவர் குரலே அவர் குரலாக இல்லை.

"அக்கா, மேனேஜர் போயிடுச்சுன்னே நெனச்சேன்."

மத்தியானம் பூனையைக் காணாமல் வீடெல்லாம் தேடியிருக்கிறார். கடைசியில் மாடி வாசலில், பூட்டின கதவுக்கு முன்னால் அது விழுந்து கிடந்திருக்கிறது. கால்கள் காற்றில் நீந்துவதுபோல உதைத்துக்கொண்டிருந்தன, வாயோரம் நுரை. சர்க்கரை அடியோடு இறங்கிப்போனால் என்ன செய்வது என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். சர்க்கரைப் பாகை விரலில் தொட்டு ஈறில் தடவி, கண்ணாடி ஃபிரேம் வந்த அட்டைப்பெட்டியில் துண்டு போட்டு அதைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

"பாவம்க்கா, உன்னைத் தேடித்தான் மேல போயிருக்கு" என்றார்.

மாடியக்காவின் கையில் பேப்பர் சுற்றின டம்ளர் அப்படியே இருந்தது. அது யாரைத் தேடிப் போனது, எந்த நேரத்துக்கு எதை நம்பிப் படியேறியது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. கூட்டின மருந்தெல்லாம் அவள் தட்டுக்காகக் கூட்டினது. தட்டைக் கவிழ்த்துவிட்டு அவள் வந்துவிட்டாள். மருந்து மட்டும் நின்று வேலை செய்திருக்கிறது.

மறுநாள் டாக்டரம்மாவின் அறையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் பிழைத்துவிட்டது. காலில் ஊசி குத்தின இடத்தில் பிளாஸ்திரி ஒட்டி, துண்டுக்குள் சுருண்டு மாடியக்காவின் மடியில் கிடந்தது. டாக்டரம்மா மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"சாப்பாட்டுல ஏதாவது மாறிச்சா? வழக்கமா திங்கறதை ஏதும் நிறுத்தினீங்களா?"

இதைவிடச் சுலபமாக யாரும் கேட்க முடியாது. பதில் மாடியக்காவின் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் தம்பி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், எதுவும் மாறவில்லை, நான் அளந்து வைப்பதைத் தவிர அது எதையும் தொடாது என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அவ்வளவு உறுதியாகச் சொன்ன மனிதரை அந்த டாக்டரம்மா முன்னால் எப்படிப் பொய்யராக்குவது? அவள் துண்டின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அப்ப மருந்துதான் அளவு கூடியிருக்கணும் சார். சிரிஞ்சில கோடு தவறினா இப்படி ஆகும்."

கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "என் கண்ணுதான்க்கா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மருந்துப் புட்டியையும் சிரிஞ்சையும் அவள் கையில் கொடுத்துவிட்டார். இனிமேல் நீதான் போடணும் என்றார். ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாடியக்கா, மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பார். வாங்கிக்கொண்டாள்.

முதல் நாள் ஊசி ரோமத்துக்குள் போய் மருந்து வெளியே ஒழுகியது. இரண்டாம் நாள் இடம் தவறி, மேனேஜர் கத்திக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் ஓடியது. அவளுக்குத் தம்பியின் கை வாகு வரவில்லை. சாப்பிடும்போதே போடவும் பழகவில்லை. பிடித்து, அமுக்கி, ஒருவழியாகப் போட்டுவிடுவாள். கொஞ்ச நாளில் மேனேஜருக்கு அவள் படியிறங்கும் சத்தம் தெரிந்துபோனது. மூன்றாவது படியில் அவள் கால் வைக்கும்போதே கீழே எதற்காவது அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

டாக்டரம்மா மருந்தைக் குறைத்துக் கொடுத்திருந்தார். மாடியில் தட்டு கவிழ்ந்தே கிடந்தது. அப்புறம் என்ன, சர்க்கரை சொன்னபடி கேட்டது. காதைக் குத்திப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் நல்ல எண்ணாகவே வந்தது. பின்னங்கால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா மாடியக்காவைத் தட்டிக்கொடுத்தார், இப்போதுதான் அளவு சரியாகப் போகிறது என்றார். பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் கையில் இறங்குகிற சர்க்கரை தன் கையில் ஏறினதென்றால் கோளாறு எங்கே என்று தனியாக யாராவது சொல்ல வேண்டுமா?

கடையில் கண் பார்ப்பதை நிறுத்திவிட்டார். ஃபிரேம் வேண்டுமா, பெட்டி வேண்டுமா, துடைக்கிற துணி வேண்டுமா, கொடுப்பார். பவர் பார்க்க வந்தவர்களை அடுத்த தெருக் கடைக்கு அனுப்பினார். தெரு சும்மா இருக்குமா? கண்ணாடிக்காரருக்கே கண்ணாடி வேணுமாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்தது. உங்கள் கண்ணை நீங்களே சோதித்துப் பாருங்களேன் என்று ஒருவர் கேட்டதற்கு, சுவரில் இருக்கிற எழுத்தெல்லாம் எனக்கு மனப்பாடம், நான் படிப்பதை எப்படி நம்புவது என்றாராம். அதற்கும் சிரித்தார்கள். மாடியக்கா மட்டும் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

கடையை விற்றுவிடலாமா என்று தம்பி பேச்செடுத்த நாளில் அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. காலை ஊசி நேரத்துக்கு முன்னாலேயே கீழே வந்து, அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பால், பிஸ்கட், சர்க்கரை, கரண்டிச் சத்தம், கவிழ்த்துவைத்த தட்டு என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் திட்டுவார், பேச்சை விட்டுவிடுவார், மாடியைக் காலி பண்ணச் சொல்வார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தாள்.

அவர் மெல்லச் சிரித்தார்.

"அவ ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும் இப்படித்தான்க்கா சொன்னே. எழுந்து உக்காந்து கஞ்சி கேட்டான்னு."

"அது வேறடா. இது நெசம்."

"நீ எனக்காகத்தான் சொல்றேன்னு தெரியுது. பரவால்ல, விடு."

அவள் அன்றைக்கே டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள். டாக்டரம்மா அவளை நன்றாகத் திட்டினார். அவரே கண்ணாடிக்காரருக்கு ஃபோன் பண்ணி, உங்கள் கண்ணில் கோளாறில்லை சார், உங்கள் அக்கா தனியாகத் தீனி கொடுத்திருக்கிறார் என்று விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஃபோனை வைத்துவிட்டு அக்காவிடம், பாவம் அவங்களையும் எதுக்கு இதுல இழுத்தே என்றார்.

சாயங்காலம் மாடியக்கா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். கரண்டியையும் எடுத்துவந்தாள். அவள் காலடிச் சத்தத்துக்கே மேனேஜர் கட்டிலுக்கு அடியில் போய்விட்டிருந்தது. இங்கே பார், இந்தச் சத்தம் கேட்டால் அது எப்படி ஓடிவரும் என்று நீயே பார் என்று சொல்லிவிட்டு, தம்பியின் முன்னால் தரையில் உட்கார்ந்து தட்டின் விளிம்பில் தட்டினாள். டங், டங்.

கட்டிலுக்கு அடியில் இரண்டு கண்கள் மின்னின. வரவில்லை. மறுபடி தட்டினாள். கண்கள் இன்னும் பின்னால், சுவர் மூலைக்குப் போயின. வா ராஜா, வா என்று கெஞ்சினாள். இந்தத் தட்டுக்காகக் காலை இழுத்துக்கொண்டு படியேறின ஜீவன்தான் அது.

"விடுக்கா, அதைப் படுத்தாதே" என்றார் தம்பி. எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து மருந்துப் புட்டியை எடுத்து அவளிடம் நீட்டினார். "நேரமாச்சு பாரு."

அவள் புட்டியை வாங்கி உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினாள். சிரிஞ்சில் மருந்தை இழுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கோடு சரியாக இருக்கிறதா என்று நீ ஒருதரம் பாரேன் என்று அவரிடம் காட்டினாள். அவர் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பூனையைப் பிடித்துக்கொடுப்பதற்காகக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.