ஒருவர் பின் ஒருவராக

எங்கள் மாவட்டக் கல்வி அலுவலகம் பள்ளிகளுக்கென்று இரண்டு குறிக்கோள்களை அனுப்பியிருந்தது. பிள்ளைகள் அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆயுசுக்கும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும். முதலாவதை இரண்டாம் பருவத்துக்குள் முடித்துவிட வேண்டுமாம். "இரக்கத்துக்கு எத்தனை பீரியடு ஒதுக்கியிருக்காங்க?" என்று ஆசிரியர் அறையில் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்து எனக்குக் கேட்காமலும் போயிருக்கலாம்.

கொஞ்ச காலமாகவே என் காது மந்தம். வீட்டில் என் கணவருக்கு மட்டும் தெரியும். அவர் ஒருநாள் அலுத்துப்போய், "செவிடன் காதுல ஊதுன சங்கு மாதிரி இருக்கு என் பொழப்பு. டாக்டர்கிட்டதான் போயேன்" என்றார். அதற்குப் பிறகு அவரோடு சில நாள் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

பள்ளிக்குத் தெரிந்தால் என் கதை முடிந்தது. பார்வை குறைந்துபோன அறிவியல் ஆசிரியரை நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். பாவம், மனிதர் அங்கே அலமாரிகளுக்குப் பாடம் நடத்துகிறார். நான் எட்டாம் வகுப்புக்குப் புவியியல் நடத்துகிறவள். கையில் குச்சியோடு உலக வரைபடத்தின் முன்னால் நிற்கிறபோதுதான் நான் ஆளாக இருக்கிறேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆகவே ஒரு தந்திரம் வைத்திருந்தேன். காதில் விழாத எதற்கும் சிரித்த முகத்தோடு, "ரொம்ப சந்தோஷம், உட்காரு" என்பேன். கேட்ட பிள்ளை உட்கார்ந்துவிடும். எல்லார் காதிலும் பூ சுற்றிவிட்டதாக எனக்கு நினைப்பு.

இந்த வருடத்து எட்டாம் வகுப்பு தொடக்கத்தில் சந்தைக்கடை போலத்தான் இருந்தது. பிறகு எப்படியோ தங்கமாக மாறிவிட்டது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் வாய் திறப்பதில்லை. பேசுகிறவர் எழுந்து, என் முகத்துக்கு நேராகத் திரும்பி, வாயை மறைக்காமல் பேசுவார். மணி அடித்தால் முதல் பெஞ்சில் ஒருத்தி புத்தகத்தை மூடுவாள். அதைப் பார்த்து நானும் பாடத்தை முடிப்பேன். என் மேசைக்கு மேலிருக்கும் ஃபேனை மட்டும் அவர்கள் போடவே விடமாட்டார்கள். "மேப் பறக்குது டீச்சர்" என்பான் லீடர். எல்லாம் என் கண்டிப்பின் பலன் என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

குறிக்கோள் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க, வெயில் கொளுத்திய ஒரு மதியம், மாவட்டக் கல்வி அதிகாரி வந்தார். என் வயதுக்காரி. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் பாலைவனங்களை நடத்திக்கொண்டிருந்தேன். நடுவில் அவர் வாய் அசைந்தது. ஒன்றும் விழவில்லை. பழக்கதோஷத்தில், "ரொம்ப சந்தோஷம், உட்காருங்க" என்றேன். அந்த அம்மாள் உட்கார்ந்துதான் இருந்தார்.

அதற்குள் மூன்றாம் பெஞ்சில் ஒருவன் எழுந்தான். "டீச்சர், பாலைவனத்துல ராத்திரி ஏன் குளிருதுன்னு மேடம் கேக்குறாங்க." அந்தக் கேள்விக்கு இன்னொருத்தி எழுந்து பதில் சொன்னாள். அவள் முடிக்கும்வரை யாரும் அசையவில்லை.

பாடம் முடிந்ததும் அதிகாரி முன்னால் வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "இவ்வளவு பொறுமையா அடுத்தவங்களைக் கேக்குற கிளாஸை நான் பார்த்ததே இல்லை. அடுத்த மாசம் எல்லா டீச்சருக்கும் கூட்டம் போடுறோம். எப்படிப் பழக்கினீங்கன்னு நீங்கதான் வந்து சொல்லணும்" என்றவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஃபேன் சுவிட்ச் பக்கம் கையை நீட்டினார்.

"வேணாம் மேடம், அந்தச் சத்தத்துல டீச்சருக்கு…" என்று பதறி எழுந்த லீடர், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவனுக்குக் கணீரென்ற குரல். அது எனக்கு நன்றாகவே கேட்டது.

எனக்கு எல்லாம் சேர்ந்து விளங்கியது. மூடிய புத்தகம், என்னை நோக்கித் திரும்பிய முகங்கள், சட்டை முதுகோடு ஒட்ட ஒட்ட இந்தப் பிள்ளைகள் வெந்துகொண்டிருந்த மதியங்கள். எனக்குத் தெரியாமலே என்னை இத்தனை நாள் தாங்கியிருக்கிறார்கள். ஒரு சின்னக் கிண்டல் இல்லை, ஒரு பார்வை இல்லை. பெரிய மலையடிவாரத்தில் நிற்பதுபோல் அந்த மேசையோரம் சிறுத்துப்போய் நின்றேன்.

அதிகாரி என்னையே பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் பாராட்டு எனக்குத்தான். ஆனால் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான் எதையும் பழக்கலை மேடம். எனக்குக் காது சரியா கேக்காது. இவங்களாத்தான் செஞ்சிருக்காங்க. எனக்கே இப்பத்தான் தெரியுது."

அவர் என் முகத்துக்கு நேராகத் திரும்பி, மெதுவாகச் சொன்னார்: "முதல்ல டாக்டரைப் பாருங்க. காதுல மெஷின் வெச்சுக்கிட்டுப் பாடம் நடத்தக்கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்லை."

நான் வகுப்பைப் பார்த்தேன். "இதை யார் ஆரம்பிச்சது?"

எல்லாரும் 'எறும்பு' என்று அவர்கள் கூப்பிடும் பெண்ணைப் பார்த்தார்கள். அவள் குரல் அவ்வளவு சின்னது என்பதால் வைத்த பெயர். முன்பு கடைசி பெஞ்சில் இருந்தவள். எப்போதோ முதல் பெஞ்சுக்கு வந்துவிட்டாள். புத்தகத்தை மூடுகிறவளும் அவள்தான். எழுந்து, எனக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"ஸ்கூல் தொறந்த புதுசுல ஒருநாள் காலையில எங்க அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க டீச்சர். மத்தியானம் நான் வீட்டுக்குப் போகட்டுமான்னு உங்ககிட்ட கேட்டேன். நீங்க சிரிச்சீங்க. ரொம்ப சந்தோஷம், உட்காருன்னு சொன்னீங்க."

லீடர் தயங்கித் தயங்கி மீதியைச் சொன்னான். "எங்களுக்கு உங்க மேல பயங்கரக் கோபம் டீச்சர். ஹெட்மாஸ்டர்கிட்ட போகலாம்னு கிளம்பிட்டோம். இவதான் அழுதுக்கிட்டே தடுத்தா. டீச்சர் அப்படிப்பட்டவங்க இல்லை, அவங்களுக்குக் கேக்கலை, அவ்வளவுதான்னா."

தாயை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த பிள்ளை. அந்த நேரத்தில் நான் அதன் நெஞ்சில் மிதித்திருக்கிறேன். மிதித்த காலுக்கு என்ன வலியோ என்று அது யோசித்திருக்கிறது.

அவள் பெஞ்சுக்குப் போய், தரையில் மண்டியிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். "அம்மா இப்போ எப்படி இருக்காங்க?"

அவள் ஏதோ சொன்னாள். உதடு துடித்ததில் ஒன்றும் பிடிபடவில்லை.

"எனக்குக் கேக்கலைம்மா. இன்னொரு தரம் சொல்லு."

சொன்னாள். அப்போதும் விழவில்லை. மறுபடியும் கேட்டேன். வகுப்பு மொத்தமும் காத்திருந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அடுத்த தரம் என் காதருகே குனிந்து சொன்னாள்.

"எழுந்து நடக்குறாங்க டீச்சர்."