கழித்துவைத்த பெட்டி

இடுப்பு விண்விண் என்று தெறித்தது. மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் உண்டு, ஓடாது. போன மாதம் அண்ணனின் காகிதங்களைப் பெட்டி பெட்டியாக இதே படியில் முதுகில் சுமந்து ஏற்றியவர் மூட்டைக்காரர். லாரி ஷெட்டில் அவருக்கு அதுதான் பெயர். சிமெண்ட் மூட்டையாவது தோளில் அடங்கி உட்காரும். காகிதம் பிணமாகக் கனக்கும்.

அண்ணன் இந்தப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். ஐந்நூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் கிறிஸ்தவ மதத்தைப் புரட்டிப்போட்ட சீர்திருத்தம்தான் ஆயுள் முழுக்க அவர் தோண்டிய கிணறு. கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. செத்தபோது மிச்சமிருந்தது இந்தக் காகிதங்களும் ஒரு தம்பியும்.

காகிதங்களை ஆவணக்காப்பகத்துக்குத் தானம் கொடுப்பதாகக் கையெழுத்துப் போட இன்று வரச்சொல்லியிருந்தார்கள். நுழைந்ததும் கதவோரம் தனியாக நின்ற ஒரு பெட்டி கண்ணில் பட்டது.

"இது மட்டும் ஏன் வெளிய நிக்குது? வாத்தியார் முட்டி போட வச்சாரா?"

காப்பக இயக்குநர் சிரித்தார். "அது கழிச்சது, பெரியவரே. ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாதது. போகும்போது எடுத்துட்டுப் போயிடுங்க."

மூட்டைக்காரருக்குத் தெரிந்த பெட்டிதான். பல வருடங்களுக்கு முன் பல்கலைக்கழக விடுதியைக் கூட்டித் துடைக்கும் பெண்கள் கூலி கேட்டு விளக்குமாற்றைக் கீழே போட்டார்கள். சாயங்காலங்களில் அண்ணன் அவர்களை உட்காரவைத்து என்னென்னவோ படித்துக்காட்டினார், கோரிக்கை எழுதிக்கொடுத்தார். அந்தத் தாள்கள்தான் இந்தப் பெட்டியில். முன்னால் நின்ற மூன்று பெண்களை வேலையை விட்டுத் துரத்தினார்கள். துரத்திய பதிவாளர்தான் இன்றைய துணைவேந்தர். நாளைக்கு அண்ணன் காகிதங்களுக்கான இந்த அறையைத் திறந்துவைக்கப்போவதும் அவர்தான்.

"சம்பந்தமில்லைன்னு யாரு சொன்னா?"

இயக்குநர் பெட்டியிலிருந்து ஒரு தாளை உருவிப் படித்தார். "'பேசியதற்கு மேல் வேலை வாங்கினால் தனியாகக் கூலி தரவேண்டும்.' பெருக்கறவங்க போட்ட கூச்சல் இது. இதுல சீர்திருத்தம் எங்க இருக்கு?"

மூலையில் உட்கார்ந்து தாள்களிலிருந்து துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த உதவிக் காப்பாளர் தலை தூக்கினாள். அண்ணனிடம் படித்தவள்.

"சார்... அது இவங்க கேட்டதில்ல. சீர்திருத்தக் காலத்துல ஜெர்மனி விவசாயிங்க பண்ணையார்ங்ககிட்ட கேட்டது. பேராசிரியர் நம்ம பேச்சுல எழுதிப் படிச்சுக் காட்டினார். இவங்க கேட்டது பின்பக்கம் இருக்கு."

இயக்குநர் தாளைத் திருப்பினார். அதே கையெழுத்து, அதே மாதிரி வரிசை எண்கள். அடியில் நெடுகக் கைநாட்டு. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

மூட்டைக்காரருக்குச் சிரிப்பு பீறிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். "கேட்டவன் எந்தக் காலத்து ஆளுன்னு உங்களுக்கே பிரிச்சுப் பாக்கத் தெரியல. அப்புறம் எப்படி சார் பெட்டியப் பிரிச்சீங்க?"

"சரி, விடுங்க. முன்பக்கத்த மட்டும் நகலெடுத்து வச்சுக்கறோம்."

"முதுக வீட்ல வச்சிட்டு நெஞ்ச மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?"

"பெரியவரே, நாளைக்குத் திறப்பு. துணைவேந்தர் பேரு போட்டுக் கல்லே பதிச்சாச்சு. வம்பு பண்ணாம கையெழுத்துப் போடுங்க."

மூட்டைக்காரர் பேனாவை மேஜையில் வைத்தார். "கையெழுத்துப் போடற வரைக்கும் இதெல்லாம் எங்க வீட்டுச் சாமான்தானே?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அலமாரியிலிருந்து முதல் பெட்டியை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். கீழே வாசலில் இறக்கிவைத்துவிட்டு மறுபடி ஏறினார். இரண்டாவது பெட்டிக்கு வந்தபோது, பயமுறுத்துகிறார் என்று நினைத்து இயக்குநர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நாலாவதுக்கு ஏறுகையில் இடுப்பு பிளந்துவிடும் போலிருந்தது. திருப்பத்தில் சுவரைப் பிடித்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். ஐந்தாவதில் கை வைத்தபோது இயக்குநரின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. வெறும் அலமாரியை யாருக்குத் திறந்துகாட்டுவது?

"நில்லுங்க, நில்லுங்க! அந்தப் பெட்டியும் இருக்கட்டும்."

"எங்க இருக்கட்டும்? கக்கூஸ் பக்கத்துலயா?"

"அலமாரிலதான்யா!"

"பேராசிரியர் வச்ச இடத்துலயே, விவசாயிங்களோட சேத்து," என்றாள் உதவிக் காப்பாளர். இயக்குநர் மனம் மாறுவதற்குள் பெட்டிக்கு எண் போட்டு, 'துப்புரவுப் பெண்கள் கோரிக்கை' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள். அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மூட்டைக்காரர் கையெழுத்துப் போட்டார்.

"கீழ எறக்கின பெட்டிங்க?" என்றார் இயக்குநர்.

"எறக்கறதோட என் இடுப்பு சரி. ஏத்தறது உங்க பாடு."

விழாவுக்கு முந்தின நாள். ஆளெல்லாம் பந்தல் வேலைக்குப் போயிருந்தார்கள். இயக்குநர் சட்டைக்கையை மடித்துவிட்டார். மூட்டைக்காரர் மெல்ல இறங்கும்போது எதிரே அவர் பெட்டியோடு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்.

"முட்டிய மடக்கித் தூக்கணும் சார். இல்லைனா முதுகு போயிடும்."

வாசலில் நாளைய விழாவுக்காகப் புதிய பெண்கள் சிலர் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டைக்காரர் ஒதுங்கி வழிவிட்டு நடந்தார். பெட்டி உள்ளே போய்விட்டது. அந்த மூன்று பெண்களிடமிருந்து பறித்த வேலையை மட்டும் பல்கலைக்கழகம் இன்னும் திருப்பித் தரவில்லை. அது பாக்கி.