நான்காம் நம்பர் செட்

தீயணைப்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் கன்ட்ரோல் அக்கா என்பார்கள். அவளுக்கு நெருப்பின் மேல் கோபம் கிடையாது. அது பாட்டுக்கு அதன் வேலையைப் பார்க்கிறது. கோபமெல்லாம் நான்காம் நம்பர் வாக்கி டாக்கியின் மேல்தான்.

செங்கல் பருமன், செங்கல் கனம். தோலுறை கிழிந்து, ஏரியல் வளைந்து, செய்தவர்களே அதை மறந்திருப்பார்கள். பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் நாம் பேசலாம். விட்டால்தான் அடுத்தவர் பேசுவது கேட்கும். நான்காம் நம்பரின் பொத்தான் சில நாள் அழுத்தினால் அழுத்தினதுதான், மேலே வராது. அப்புறம் அது பக்கத்தில் நடக்கும் பேச்சையெல்லாம் எல்லா செட்டிலும் பரப்பிக்கொண்டே இருக்கும். வேறு யாரும் நடுவில் புக முடியாது. நகத்தை விட்டு நெம்பினால்தான் வழிக்கு வரும். மாற்றுங்கள் என்று அக்கா சொல்லாத மாதமில்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

“ஓடுதுல்லம்மா? ஓடுற வரைக்கும் ஓடட்டும்,” என்பார் நிலைய அதிகாரி. அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் வந்த செட் அது. அதைத் திட்டினால் அவரைத் திட்டின மாதிரி.

அன்று காலை அவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தீ பற்றிப் பேச ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். நிலையத்தில் ஓடுகிற நிலையில் இருந்த ஒரே வண்டி, அந்தப் பள்ளிக்கு அடுத்த தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. வண்டிக்காரர்களின் செல்போன்கள் நிலையத்தில் இழுப்பறைக்குள் இருந்தன. டியூட்டியில் போன் நோண்டக் கூடாது என்பது அதிகாரி போட்ட உத்தரவு.

பத்து நாற்பதுக்கு ஒரு தாய் கூப்பிட்டாள். குப்பை கொட்ட வெளியே வந்திருக்கிறாள்; மூன்று வயது மகன் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டான். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி. இரும்புக் கதவு. கதவிடுக்கில் புகை வருகிறது என்று அழுதாள். வீடு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். வண்டி நினைத்தால் ஒரு நிமிடத்தில் போய்விடலாம்.

“லைனை வைக்காதீங்கம்மா, வண்டி வந்துடும்,” என்று சொல்லிவிட்டு அக்கா மைக்கை எடுத்தாள்.

“இந்த செட்டு இருக்கே கண்ணுங்களா,” என்றது ஸ்பீக்கர், அதிகாரியின் குரலில், “முப்பது வருஷத்துல ஒரு நாள்கூட என் காலை வாரினதில்ல.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கத்திப் பார்த்தாள். வண்டிக்கு ஒரு தெரு தள்ளி நின்று அவர் பேசுகிறார். தூரத்து நிலையத்திலிருந்து போகும் அவள் குரல் அதில் எங்கே எடுபடும்? அவருடைய செல்போனோ அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கூட்டத்தில் பேசும்போது அவர் மரியாதை பார்ப்பவர்.

இரண்டாவது போனில் பள்ளிக்கூடத்தைக் கூப்பிட்டாள். பதினோரு தடவை மணி அடித்த பிறகு தலைமை ஆசிரியை எடுத்தார். “சார் பேசிட்டிருக்கார். முடிஞ்சதும் சொல்லட்டுமா?”

“இப்பவே சொல்லுங்க. பொத்தான் மாட்டிக்கிச்சு, பேச்சை நிறுத்தச் சொல்லுங்க.”

ஆசிரியை போவதும் செட்டிலேயே கேட்டது. “சார், உங்க கன்ட்ரோல் ரூம்லேர்ந்து போன். பொத்தான் ஏதோ...”

“போனா? பாத்தீங்களா பசங்களா, போனே வேண்டாம். இதோ இதுலயே கூப்பிடுறேன். கன்ட்ரோல், கன்ட்ரோல், சொல்லும்மா.”

அக்கா சொன்னாள். தொண்டை கிழியச் சொன்னாள்.

“பதிலையே காணோம். டீ குடிக்கப் போயிருப்பாங்க,” என்றார் அதிகாரி. பிள்ளைகள் சிரித்தார்கள். அக்காவுக்கு அந்த ஸ்பீக்கரைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறியலாம் போலிருந்தது. மேசை மேல் கிடந்த முதல் போனில் அந்தத் தாய் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆசிரியை திரும்பி வந்தார். “அவர் கூப்பிட்டாராம். நீங்கதான் எடுக்கலையாம்.”

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. நம் பேச்சுதான் போகவில்லை. அவர் பக்கத்தில் பேசுகிற பேச்சு வண்டிக்குப் போகிறதே.

“டீச்சரம்மா, அவர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவர் கையில இருக்கிற செட்டுக்குப் பக்கத்துல நின்னு, நான் சொல்றதை அப்படியே சத்தமாச் சொல்லுங்க.”

“யார்கிட்ட?”

“செட்டுகிட்ட.”

மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கும் பிள்ளையை இந்தக் கோடியிலிருந்தே அதட்டிப் பழகிய குரல் அது. ஸ்பீக்கர் அதிர்ந்தது. “முதல் வண்டி கவனிங்க. ஸ்கூலுக்குப் பின் தெரு, எட்டாம் நம்பர், மூணாவது மாடி. உள்ள குழந்தை. அடுப்புல எண்ணெய். உடனே கிளம்புங்க.”

“மேடம், நான் இன்னும் முடிக்கல,” என்றார் அதிகாரி. அவர் பேச்சுக்குப் பின்னாலேயே வண்டியின் சைரன் கேட்டது.

பிறகு அக்கா முதல் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். படியில் பூட்ஸ் சத்தம். கதவில் கடப்பாரை விழும் சத்தம். யாரோ இருமினார்கள். ரொம்ப நேரம் கழித்து ஒரு குழந்தை அழுதது. அவளும் அழுதாள், யாரும் பார்க்கவில்லை என்பதால்.

மதியம் அதிகாரி வந்தார். நடந்ததெல்லாம் வண்டிக்காரர்கள் சொல்லித் தெரிந்திருந்தது. செட்டை அவள் மேசையில் வைத்து, அதன் தலையைத் தட்டிக்கொடுத்தார்.

“இன்னைக்கு ஒரு உயிரைக் காப்பாத்தினது இதும்மா. இதைப் போய் மாத்தணும்ங்கறியே.”

இவரோடு மல்லுக்கட்டிப் பதினோரு வருடம் போனது போதாதா என்று இருந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அந்தத் தாய், ஆஸ்பத்திரியிலிருந்து.

“புகையை நிறையக் குடிச்சிட்டான்க்கா. ஆக்ஸிஜன் வச்சிருக்காங்க. பொழைச்சுக்குவான், ஆனா நாலு நாள் இங்கயே இருக்கணும்னு டாக்டர் சொல்றார்.” கொஞ்சம் தயங்கினாள். “குத்தமாச் சொல்லல. வண்டி அடுத்த தெருவுலதான் நின்னுச்சாம். வர ஏன் அவ்வளவு நேரமாச்சு?”

அக்கா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, அந்தக் கேள்வியை அதிகாரியிடம் ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள்.

“நீங்களே சொல்லுங்க சார்,” என்று ரிசீவரை நீட்டினாள்.

அவர் வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஹலோ,” என்றார். அவர் பார்வை மேசை மேலிருந்த செட்டுக்குப் போனது. அந்தத் தாய் மறுபடியும் கேட்பது அக்கா வரைக்கும் கேட்டது.

“சார், லைன்ல இருக்கீங்களா?”