மூன்று சக்கரத்துக்கு ஈயம்

என் வீட்டுக்காரர் முருகையன் மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் கட்டுமரத்தில் ஏறினால் கரை மறைவதற்குள் குடலே வெளியே வந்துவிடும். அதனால் தச்சு வேலை கற்றுக்கொண்டு, மரக்காணம் உப்பளத்துக்கு உப்பு வாரும் பலகைகளும் கைப்பிடிகளும் செய்துகொடுத்தார். கடலுக்குப் பயந்த ஆம்பளை என்று நான் கேலி செய்வேன். "உனக்குப் பயப்படுறத விடக் கம்மிதான், சாலம்மா" என்பார்.

எங்கள் மகள் ஜெயாவுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்தது. போகும்போது வலது காலின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரி டாக்டரம்மா காலைப் பிடித்துப் பார்த்து, "இடுப்புலயே தூக்கிட்டுத் திரியாதீங்க. எதையாவது பிடிச்சுக்கிட்டு நடக்கட்டும். சும்மா விட்டா கால் சூம்பிடும்" என்றார்.

திருவிழாவில் ஒரு நடைவண்டி வாங்கினோம். எங்கள் வாசலோ முழுக்க மணல். ஒல்லிச் சக்கரங்கள் புதைந்துகொண்டு நகர மாட்டேன் என்றன. அவர் தடிப் பலகையை ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, அகலமாகச் சக்கரம் செய்தார். பார்க்க வட்டமாகத்தான் இருந்தது, உருட்டினால் நொண்டியது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க் குழந்தையைக் குப்புறத் தள்ளியது. உதடு கிழிந்து ரத்தம். அதற்குப் பிறகு வண்டியைக் கண்டாலே கத்துவாள்.

"இனிமே செய்றது ஆடாம ஓடணும். இன்னொரு தபா விழுந்தா அவ வண்டியைத் தொடவே மாட்டா" என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். அவருக்கும் அதே பயம்தான்.

கோட்டக்குப்பம் பக்கம் ஒரு பழைய பட்டறையை மூடினார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர், காலால் மிதிக்கிற கடைசல் லேத்து ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்துச் சாமான். கட்டையை இரண்டு முனையிலும் பிடித்துச் சுற்றும். கட்டில்கால் கடையலாம், கைப்பிடி கடையலாம். சக்கரம் கடைய வேண்டுமானால் பலகையின் அகன்ற பக்கத்தைப் பிடிக்க ஒரு தட்டு வேண்டும். அதை லேத்தின் இரும்புத் தண்டில் திருகி மாட்ட வேண்டும். அந்தத் தட்டு மட்டும் இல்லை.

தட்டைத் தேடி அவர் போகாத பழைய இரும்புக் கடை இல்லை. தண்டின் மரை, அந்தத் திருகுப் பள்ளம், எதற்கும் சேரவில்லை. ஒரு தட்டு தொளதொளவென்று ஆடும், இன்னொன்று ஒரு சுற்றுப் போய் இறுகிக்கொள்ளும். திண்டிவனத்தில் ஒரு பட்டறைக்காரர் அளந்து பார்த்து, "இது எந்தக் கணக்குலயும் வராத மரைப்பா. இதை வெட்ற டூலு எங்கிட்ட இல்ல. தண்டைக் கழட்டிட்டு வா, வேற மரை போட்டுத் தர்றேன்" என்றாராம். தண்டோ பொருத்தில் துருவேறிக் கழல மறுத்தது. அடித்தால் உடைந்துவிடும். மாமியார் இல்லாத குறையைத் தீர்க்க வந்ததுபோல் லேத்து என் வீட்டு நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தது.

அந்தச் சமயத்தில் எக்கியார்குப்பத்துக்கு, என் அண்ணன் இருசப்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். வலைக்கு ஈயக் குண்டு வார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அது பெண்கள் வேலை. கல் அச்சில் ஆணியை நிறுத்தி, சுற்றிலும் உருக்கிய ஈயத்தை ஊற்றுவோம். ஆறியதும் ஆணியை உருவினால், கயிறு கோக்க ஓட்டை இருக்கும். அன்றைக்கு ஆணி போதாமல் அண்ணி ஒரு திருகாணியை நிறுத்திவிட்டாள். இழுத்தால் வரவில்லை. வாங்கித் திருகினேன், வழுக்கிக்கொண்டு வந்தது. ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தேன். திருகாணியின் மரை அப்படியே ஈயத்தில் பதிந்திருந்தது.

லேத்துத் தண்டின் மரையையும் இப்படியே வார்த்து எடுக்கலாமே! அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் பழைய வலையை எடுத்து, ஈயங்களை ஒவ்வொன்றாக வெட்டி என் முந்தானையில் போட்டான். "சாப்ட்டுட்டுப் போம்மே" என்றான். நான் எங்கே நின்றேன்?

"ஈயம் மெத்து. எத்தினி நாளைக்குத் தாங்கும்?" என்றார் வீட்டுக்காரர்.

"மூணு சக்கரத்துக்குத் தாங்கினா போதும். அதுக்கப்பறம் அது எக்கேடாவது கெட்டுப் போவட்டும்."

தட்டுக்கென்று ஒரு வேப்பங்கட்டையை எடுத்து, அதில் தண்டைவிடப் பெரிய துளை போட்டு, ஈயம் கவ்விக்கொள்ள உள்ளே வெட்டுகள் செதுக்கினார். அதைத் தண்டில் செருகி, இரண்டு பக்கமும் களிமண்ணால் அடைத்துக் காயவிட்டு, மேலே விட்ட ஓட்டை வழியாக ஈயத்தை ஊற்றினோம். புஸ்ஸென்று புகைந்து தெறித்தது. அவர் மணிக்கட்டில் ஒரு சொட்டு. கழற்றிப் பார்த்தால் ஈயம் முழுக்கப் பொத்தல். எனக்குத் தெரியாமல் தண்டில் எண்ணெய் தடவியிருக்கிறார்! அது சூட்டில் பொங்கித்தான் இத்தனை பொத்தல். மரையைக் கண்டால் எண்ணெய் தடவுவது தச்சன் புத்தி. "கேட்டா வாய் வலிக்குமா?" என்று திட்டிக்கொண்டே கற்றாழையைக் கீறிப் புண்ணில் வைத்துக் கட்டினேன். அவர் கையைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தடவை நான் செய்தேன். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, மண்ணெண்ணெய் விளக்கைத் தண்டுக்குக் கீழே காட்டினேன். தண்டும் சூடேறியது, மரை முழுக்கக் கரியும் படிந்தது. கரி இருந்தால் ஈயம் ஒட்டாது. ஊற்றினோம், புகையில்லை. ஆறியதும் அவர் கட்டையைப் பிடித்துத் திருகினார். அசையவில்லை. மறுபடியும் திருகினார்.

"கட்டிக்கிச்சு சாலம்மா" என்றார். முகம் செத்துப்போயிருந்தது. இது கழலாவிட்டால் லேத்தும் போயிற்று. நான் அவர் கைமேல் என் கையை வைத்தேன். இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினோம். கிறீச்சென்று ஒரு சத்தம், கட்டை விட்டுக்கொடுத்தது. அப்புறம் தண்டுக்கென்றே பிறந்த மாதிரி சுழன்று சுழன்று வெளியே வந்தது. அதைக் கட்டிக்கொண்டு நான் அழுதேன்.

அந்தத் தட்டில் சக்கரப் பலகையை அறைந்து மாட்டி, நான் மிதிக்க, அவர் உளி பிடித்தார். "பின்பக்கம் மட்டும் சுத்த உட்டுறாத, தட்டு கழண்டு ஓடிடும்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். இரண்டு சக்கரம் அழகாக வந்தன. மூன்றாவதில் ஈயம் தேய்ந்து தட்டு ஆடத் தொடங்கியது. தண்டில் நூலைச் சுற்றி இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தடவிக் கொடுப்பதுபோல் உளியை வைத்தார். நானும் மிதிப்பதே தெரியாமல் மிதித்தேன். எப்படியோ முடிந்தது.

புது வண்டியைக் கண்டதும் ஜெயா கத்தினாள். நான் அவளைத் தூக்கி நிறுத்தப் போனேன். அவர் தடுத்துவிட்டார். முழங்காலைத் தொடுமளவு குனிந்து, அந்தச் சின்ன வண்டியைத் தானே பிடித்துக்கொண்டு, வாசல் மணலில் தத்தித் தத்தி நடந்தார். தெருவே சிரித்தது. குழந்தையும் சிரித்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, அவளைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அது என்து!" என்று கத்தினாள் ஜெயா.

"உன்துன்னா வந்து வாங்கிக்க."

தவழ்ந்து போய், வண்டியைப் பிடித்து எழுந்து நின்றாள். தள்ளினாள். சக்கரம் புதையவில்லை, நொண்டவில்லை. அவள் போன பிறகு மணலைப் பார்த்தேன். அகலமாகச் சக்கரத் தடங்கள், நடுவில் இடது பாதம், அதன் பக்கத்தில் வலது கால் இழுத்துப்போன கோடு. நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் தினமும் பார்த்தேன்.

உப்பு வாருவதை நிறுத்தி மழைக்குக் காத்திருந்த நாள்களில், "சாலம்மா, இங்க வா! மெதுவா வா, மிதிச்சிடாத!" என்று வாசலிலிருந்து அவர் குரல் கேட்டது. மணலில் உட்கார்ந்து, காற்று படாமல் இரண்டு கையாலும் எதையோ அணைத்துக்கொண்டிருந்தார். கையை விலக்கிக் காட்டினார். ஒரு சின்ன வலது பாதம். குதிகால் லேசாக, விரல்கள் ஐந்தும் தெளிவாக.

அவர் என் மீன் கூடையை எடுத்து வந்து அதன்மேல் கவிழ்த்தார். மறுநாள் காலையில் மீன் வாங்கப் போக எனக்குக் கூடை வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக்கொண்டு போனேன்.