கலங்கல் ஒயின்

பாண்டிச்சேரியில் ஒரு மதுக்கடைக்குள் நின்றுகொண்டு, பாட்டிலை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கும் நாள் ஒன்று வரும் என்று வெற்றிச்செல்வி நினைத்ததில்லை. கடையில் இருந்த ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். கூட வந்திருந்த டிரைவர் அன்பழகன் யாரோ போல வாசலிலேயே நின்றுகொண்டான். அவனை அனுப்பினால் போதும் என்றுதான் முதலில் முடிவாகியிருந்தது. லேபிளில் உள்ள இங்கிலீஷை யார் படிப்பது என்ற கேள்வி வந்தபோது, எம்.ஏ. இங்கிலீஷ் படித்த வெற்றிச்செல்வியின் பெயர் வந்தது.

"என்னம்மா தேடுறீங்க? ஸ்வீட்டா, டிரையா?" கடைக்காரர் கேட்டார்.

"மீனு, முட்டை, பாலு எதுவும் படாததா வேணுங்க."

"திராட்சையில ஏதும்மா மீனு?" என்று அவர் சிரித்தார். கடையே சிரித்தது.

பத்து நாள் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அவளும் சிரித்திருப்பாள். அரியலூருக்கு வெளியே இருந்த சிமெண்ட் கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸில் அவள் உதவி மேற்பார்வையாளர். சூளையைப் பரிசோதிக்க லண்டனிலிருந்து ஹெலன் என்ற இன்ஜினியர் வந்து தங்கியிருந்தாள். மாமிசம் தொடமாட்டாள் என்று கேட்டதும் ஜெனரல் மேனேஜர் திருமுருகனுக்கு ஏக சந்தோஷம். "நம்ம ஆளுய்யா" என்றார். மறுநாளே அவள் பாலையும் தயிரையும் நெய்யையும் தேனையும் தள்ளி வைத்தபோது அந்தச் சந்தோஷம் கொஞ்சம் குழம்பியது. ஒரு சாயங்காலம், சாப்பாட்டோடு எப்போதாவது ஒயின் குடிப்பேன், ஆனால் இந்த ஊரில் எதை நம்புவதென்று தெரியவில்லை என்று ஹெலன் சொன்னாள். வெற்றிச்செல்விக்குப் புரியவில்லை. ஒயின் என்பது பழச்சாறுதானே?

ஹெலன் பொறுமையாக விளக்கினாள். புது ஒயின் கலங்கலாக இருக்கும். அதைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக்கருவையோ, பாலிலிருந்து எடுக்கும் புரதத்தையோ, மீனின் காற்றுப்பையைக் காயவைத்து எடுத்த பசையையோ, எலும்பும் தோலும் காய்ச்சிய ஜெலட்டினையோ கலப்பார்கள். கலங்கலெல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் பாட்டிலில் அடைப்பார்கள். லேபிளில் ஒரு வார்த்தை இருக்காது. சிலர் மட்டும் ஒருவகைக் களிமண்ணைப் போட்டுத் தெளியவைப்பார்கள். இன்னும் சிலர் தானாகப் படியட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்த இரண்டைத்தான் அவள் குடிப்பாள்.

"எங்க ஊர்ல தேத்தாங்கொட்டைன்னு ஒண்ணு இருக்கு" என்று வெற்றிச்செல்வி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். "பானைக்குள்ள உரசிவிட்டா கலங்கின தண்ணி தெளிஞ்சிரும்." ஹெலன் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு சுழலாமல் இரண்டு பேரும் சிரித்தார்கள். தா.பழூர் பக்கம் ஒரு காலனித் தெருவிலிருந்து வந்த தன்னிடம் ஒருத்தி உட்கார்ந்து இவ்வளவு நேரம் பேசியது வெற்றிச்செல்விக்கு வெகு நேரம் உள்ளுக்குள் இருந்தது.

கெஸ்ட் ஹவுஸில் மற்றவர்கள் அப்படிப் பேசியதில்லை. அறைகள், படுக்கை விரிப்பு, சாவி, போன் எல்லாம் அவள் பொறுப்பு. சமையலறை மட்டும் இல்லை. அப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை. வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் ஒரு விருந்தாளிக்காகத் தண்ணீர் ஜக்கை எடுக்க உள்ளே போனாள். சமையல்கார ரத்தினம்மாள் பதறிப்போனாள். "ஏம்மா உள்ள வந்த? குரல் குடுத்தா எடுத்தாந்து தரமாட்டனா?" மறுநாள் அந்த எவர்சில்வர் ஜக் செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தோட்டத்தில் கிடந்தது. திருமுருகன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மகளிடம் பேசுவது போலத்தான் பேசினார். "தப்பா எடுத்துக்காதம்மா. நீங்கள்லாம் சாப்புடுற சாப்பாடு வேற. இது சைவ கிச்சன். சுத்தம் பாக்கணும்ல?" அன்று காலை அவள் சாப்பிட்டிருந்தது மோர் ஊற்றிய பழைய சோறு. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னாலும் எதுவும் மாறாது என்று மட்டும் தெரிந்தது.

கடையில் அவள் கடைசியாகக் கண்டுபிடித்தது ஒரு வெள்ளை ஒயின். தெளிவுக்காக எதுவும் சேர்க்கவில்லை, வடிகட்டவும் இல்லை என்று பின்பக்க லேபிளில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அடியில் மாவு மாதிரி படிந்திருந்தது. "அது கலங்கலும்மா, அப்புறம் வந்து சண்டை போடக்கூடாது" என்றார் கடைக்காரர். அவள் அதையே வாங்கினாள். செக்போஸ்ட்டில் கேட்டால் கம்பெனிப் பெயரைச் சொல்லக்கூடாது என்று திருமுருகன் சொல்லி அனுப்பியிருந்தார். மாட்டியிருந்தால் கேஸில் அவள் பெயர்தான் இருந்திருக்கும். துப்பட்டாவில் சுற்றிப் பைக்குள் வைத்து, ஜெயங்கொண்டம் தாண்டும் வரை பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

ஹெலன் கிளம்புவதற்கு முன்னால் மதிய விருந்து. அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கியதும் அவள் வெற்றிச்செல்வியின் தோளை அணைத்துக்கொண்டு, "நீயும் உட்கார்" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். திருமுருகனின் முகம் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு, "உக்காரும்மா, உக்காரு" என்றார். ரத்தினம்மாள் அவளுக்கு மட்டும் காகிதத் தட்டில் பரிமாறினாள். ஹெலன் அதைக் கவனிக்கவில்லை.

"இது என்ன, அரிசி கழுவின தண்ணி மாதிரி?" என்று சிரித்துக்கொண்டே திருமுருகன் தன் அலமாரியிலிருந்து வேறொரு பாட்டிலை எடுத்து வந்தார். கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. டைரக்டர்கள் வந்தால் திறப்பது. வராத நாட்களிலும் திறப்பார் என்பது கழுவும் கிளாஸ்களுக்குத் தெரியும். "என் நாக்குல இதுவரைக்கும் ஒரு துண்டு மாமிசம் பட்டதில்ல" என்று ஹெலனிடம் இங்கிலீஷில் பெருமையாகச் சொல்லிவிட்டு ஊற்றிக்கொண்டார்.

ஹெலன் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு மறைக்கத் தெரியாது. இந்த ஒயின் கம்பெனிக்குப் போன வருஷம்தான் எழுதிக் கேட்டதாகவும், மீன் பசையில் தெளியவைக்கிறோம் என்று அவர்கள் பதில் போட்டதாகவும் சொன்னாள்.

திருமுருகன் கிளாஸைப் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கினார். "அதான் போட்டதை எடுத்துடுறாங்களே. கடைசில ஒண்ணும் ஒட்டலியே. அப்ப சுத்தம்தான்" என்று ஒரு மடக்கு குடித்தார்.

வெற்றிச்செல்விக்குக் காது சூடானது. வாயிலிருந்து தமிழில்தான் வந்தது. "அப்ப நானும் கிச்சனுக்குள்ள போலாங்களா சார்? நானும் குளிச்சிட்டுத்தான் வரேன். எம்மேலயும் ஒண்ணும் ஒட்டல."

ரத்தினம்மாளின் கையில் கரண்டி நின்றது. என்ன சொல்கிறாள் என்று ஹெலன் ஆவலாகக் கேட்டாள். திருமுருகன் சிரித்தார். "சமையல் கத்துக்கணுமாம். கிச்சன்ல விடுங்கன்னு கேக்குறா" என்று இங்கிலீஷில் சொன்னார். அடடா, எவ்வளவு நல்ல விஷயம் என்று ஹெலன் கைதட்டினாள்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். அந்த இங்கிலீஷ் அவளிடம் இருந்தது. ஆனால் அப்பா அங்கமுத்து வேலைக்குப் போய் வெகு காலமாகிவிட்டது. தங்கை சிவரஞ்சனி காலேஜில் இரண்டாம் வருஷம். திருமுருகன் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார், சிரிப்பு மாறாமல். "ஆமாம்" என்று ஹெலனிடம் தலையாட்டினாள். அதற்காகத் தன்னை மன்னிக்க அவளுக்குப் பிறகு வெகு நாள் ஆனது.

ஹெலன் கிளம்பிய வாரமே ஆபீஸில் கூப்பிட்டார்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி எண்ணிக்கை போட ஆள் வேண்டுமாம், நாளையிலிருந்து அங்கே. திருமுருகனைப் பார்க்கப் போனாள். மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். கதவு திறந்துதான் இருந்தது.

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்தா என்ன?" என்றாள் அம்மா காத்தாயி, வீட்டு வாசலில் நின்றபடி.

"சும்மாதாம்மா இருந்தேன்" என்றாள் வெற்றிச்செல்வி. "கடைசில சும்மாதான் இருந்தேன்."

சுரங்கத்தில் தகரக் கொட்டகைக்கு வெளியே நிழலே இல்லை. மத்தியானம் வெடி வைக்கச் சங்கு ஊதியதும் எல்லோரும் மேட்டுக்கு ஓடினார்கள். கல் அள்ளும் ஆண்டாயி அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வெடித்து ஓய்ந்தபின், உடைந்து உருண்டு வந்த ஒரு பாளத்தில் கல்லாகிப்போன கடல்சங்கு ஒன்று பதிந்திருந்ததை வெற்றிச்செல்வி பார்த்தாள். எந்தக் காலத்துக் கடலோ. சுருள் சுருளாக, உயிரோடு இருந்தபோது இருந்த மாதிரியே.

"இங்க எல்லாமே அதாம்மா" என்றாள் ஆண்டாயி. "அரைச்சித்தான் சிமெண்ட்டா மூட்டையில கட்டுறாங்க."

வெற்றிச்செல்வி குனிந்து நகத்தால் அதைப் பெயர்க்கப் பார்த்தாள். வரவில்லை. லாரி பின்பக்கமாக வந்து நின்றது. இரண்டு பேர் பாளத்தைத் தூக்கி உள்ளே போட்டார்கள். கிளம்பிய லாரியின் பின்னால் எழுந்த வெள்ளைப் புழுதி, ஆண்டாயியின் தலைமுண்டாசின் மேலும் வெற்றிச்செல்வியின் தலைமயிரின் மேலும் ஒரே மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.