உள்பக்கம் மட்டும் கைப்பிடி

என் தங்கை கணவர் பள்ளியில் பூகோளம் எடுக்கிறவர். பகலில் பெட்டிப்பாம்பு. இருட்டிவிட்டால் போதும், ஆளில்லாத உயரமான கட்டடம் எங்கே என்று கால் அரிக்கும். பூட்டிக் கிடக்கிற ஓட்டல், பாதியில் நின்ற அலுவலகம், கைவிட்ட தண்ணீர்த் தொட்டி, எதையும் அவர் விட்டதில்லை. ஏறுவார், ஊரின் விளக்குகளைப் பார்ப்பார், இறங்குவார். துணைக்கு நான். மூக்குக் கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் ஒரு சாண் தூரத்தில் திருகாணி முடுக்குகிறவனுக்குத் தூரத்தைப் பார்ப்பது பிடித்திருந்தது. அதை மறைப்பானேன்.

இந்தப் பைத்தியத்துக்கும் ஒரு ஒழுக்கம் உண்டு. எதையும் எடுக்கக் கூடாது, எதையும் போட்டுவிட்டு வரக் கூடாது, எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும். வீட்டில் சாப்பிட்ட தட்டை நகர்த்தாத மாப்பிள்ளை இதில் மட்டும் மகா சுத்தம்.

போன மாதம் தகரக் கூரை ஒன்று அவர் முழங்காலைக் கிழித்துவிட, தங்கை சொல்லிவிட்டாள்: இன்னொரு தடவை ஏறினால் அவள் அந்த வீட்டில் இருக்க மாட்டாள். மாப்பிள்ளை சத்தியம் செய்தார். அவள் சும்மா மிரட்டுகிற ரகம் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தும் நேற்று கடை மூடும் நேரத்துக்கு வந்து, சும்மா ஒரு நடை போய்வரலாம் என்றார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

வேலை நின்றுபோன ஒரு வங்கிக் கட்டடம். மொட்டைமாடிக் கதவு தானாக மூடிக்கொள்ளும் இரும்புக் கதவு. கைப்பிடி உள்பக்கம் மட்டும்தான். முதலில் ஏறிய நான் படியோரம் கிடந்த செங்கல்லைக் கதவுக்கு அண்டை கொடுத்துவிட்டுப் போனேன். பின்னால் மூச்சு வாங்க வந்த மாப்பிள்ளை, செங்கல் இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். பழைய இடத்தின் அச்சு தூசியில் தெளிவாகத் தெரிந்ததாம். அங்கேயே திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்தார். கதவு மூடிக்கொண்டது. நான் திரும்பிப் பார்த்தபோது கையிலிருந்த தூசியைத் திருப்தியாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

கத்தினால் கீழே வாசலில் இருக்கிற காவல்காரர் வருவார், பின்னாலேயே போலீஸ் வரும், வாத்தியார் வேலை போகும். என் வீட்டில் எனக்கு ஆள் கிடையாது. சுற்றிச் சுற்றி யோசித்தாலும் ஒரே ஆள்தான். மாப்பிள்ளை போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. என்ன இருந்தாலும் தாலி கட்டியவர் அவர்.

எந்தக் கட்டடம், எந்த வழியாக நுழைவது என்று மட்டும் அவள் கேட்டாளாம். திட்டவே இல்லை. அது எனக்கு நல்லதாகப் படவில்லை. மாப்பிள்ளைக்கோ தெம்பு வந்துவிட்டது. பாலத்தைப் பார்த்தீர்களா, ஆறு எப்படி வளைகிறது பார்த்தீர்களா என்று ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதவு திறந்தது. தங்கை செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். செங்கல்லைக் காலால் தள்ளிக் கதவை நிறுத்திவிட்டு, நேராகக் கைப்பிடிச் சுவரிடம் வந்து ஊரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு," என்றாள்.

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. பாலம், ஆஸ்பத்திரி, அவர் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அவள் எல்லாவற்றுக்கும் தலையசைத்தாள்.

"நம்ம வீடு எது?" என்று கேட்டாள்.

அவர் கையை நீட்டினார், மடக்கினார். மாடியின் மறுபக்கம் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து வேறெங்கோ காட்டி, இல்லை என்று தானே சொல்லிக்கொண்டார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், சமையலறை விளக்கை அணைக்காமல் கிளம்பியிருக்கிறாள் போல, பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தது.

அவள் அவசரப்படாமல் காத்திருந்தாள்.

"எத்தனை கட்டடம் ஏறியிருக்கீங்க. ஒரு தடவகூடத் தேடிப் பார்க்கலையா?"

மாப்பிள்ளை இன்னும் இருட்டைத் துழாவிக்கொண்டிருந்தார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, உன் வீட்டுச் சாவியக் குடு."